மூன்று குண்டும் பத்து குண்டும்

டெக்சஸில் இருக்கும் என் மைத்துனனின் பணப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும். ஓட்டுநர் உரிமம், மகளின் பள்ளிப் படம், நான்காக மடித்த ஒரு தாள். அந்தத் தாள் துப்பாக்கிப் பயிற்சிக்கான இலக்கு அட்டையிலிருந்து வெட்டியெடுத்தது. நடுவில் மூன்று ஓட்டைகள், ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டபடி. நம் ஒரு வெள்ளி நாணயத்தை மேலே வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். சுட்ட தூரம் 100 கெஜம், அதாவது 91 மீட்டர்.

“அத்தான், 0.45 இன்ச்! கடையில வாங்குன தோட்டா இல்ல. நானே செஞ்சது” என்று விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே காட்டிவிட்டான்.

என் மனைவி பின்னிருக்கையிலிருந்து, “ஒரு வருஷமா இதே கதைதான். அவன் பொண்டாட்டியைக் கேளுங்க” என்றாள்.

தோட்டாவை வீட்டில் செய்வதா என்று நீங்கள் திடுக்கிடலாம். நானும் திடுக்கிட்டேன். நம் ஊரில் தேசிய சேவை செய்தவர்களுக்குத் தெரியும். சுடுதிடலில் பயிற்சி முடிந்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். “என்னிடம் தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை” என்று உறுதி கூறாமல் யாரும் வெளியே வர முடியாது. உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பவருக்கு இங்கே சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலும் சட்டம் தளர்ந்ததல்ல. ஆனால் டெக்சஸில் ஒருவர் தம் கார் கொட்டகையில் மேசை போட்டு, மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் தோட்டா செய்வது நம் ஊரில் பால்கனியில் மீன் தொட்டி வைப்பதைப் போன்ற பொழுதுபோக்கு.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்தாம். பித்தளை உறை, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் வீணாகிவிடும். மிஞ்சுவது உறை. விலை கூடிய பாகமும் அதுதான். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைச் செருகினால் மீண்டும் ஒரு தோட்டா. ஒரே உறை பல முறை உழைக்கும்.

மருந்தை நிறுக்கும் அளவு ‘கிரெயின்’. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் தேறும். மைத்துனனின் தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. குன்றிமணியை இருபதாக நறுக்கினால் ஒரு துண்டு! மருந்துத் தயாரிப்பாளர்கள் அச்சிட்ட கையேட்டில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும், உச்ச அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துப்பாக்கி சுடுபவரின் முகத்தருகே வெடிக்கும். இந்த விஷயத்தில் அவன் மிகவும் ஒழுங்கு. கொட்டகையில் கைப்பேசி கிடையாது, பேச்சு கிடையாது. நான் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டபோது, “அத்தான், எண்ணிக்கிட்டிருக்கேன்” என்று வாயை அடைத்துவிட்டான்.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு பிடித்தமான மருந்தளவு உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் குண்டுகள் நெருங்கி விழும் என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. கண்டுபிடிக்கும் முறையும் எளிமையானது. 0.3 கிரெயின் வித்தியாசத்தில் ஐந்து அளவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா. மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் மதிப்பெண். குறைந்த எண் எடுத்தது முதல் பரிசு.

அவன் குறிப்பேட்டில் ஐந்து எண்களும் இருந்தன. அங்குலத்தில் 0.8, 1.1, 0.45, 1.2, 0.9. மூன்றாவது அளவு வென்றது, பணப்பைக்குள் போனது. அதே அளவில் ஐம்பது தோட்டா செய்தான். மறுவாரம் மூன்று சுட்டால் 1.2 அங்குலம்.

காற்று என்றான். அடுத்த வாரம் 1.0. அன்று காப்பி அதிகம் குடித்துவிட்டானாம். பிறகு மருந்து டப்பா மாறிவிட்டது என்று சந்தேகம். மறுபடி ஐந்து அளவு, மறுபடி மும்மூன்று. இம்முறை நான்காவது அளவு வென்றது. இப்படியே ஓர் ஆண்டு. எத்தனை டாலர் என்று நான் கேட்கவில்லை. அவன் மனைவியும் அப்போது சமையலறையில்தான் இருந்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நேர வித்தியாசமும் ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் கதையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கதாநாயகன் நானாக.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒட்டுப் பசையை உலரவைக்க நான்கு வெப்பநிலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரிகள். ஒன்றில் மூன்றும் அருமையாக வந்தன. படம் போட்டு, அம்புக்குறி இட்டு, மேலாளரிடம் காட்டிக் கைதட்டு வாங்கினேன். அந்த வெப்பநிலையில் மூன்று மாதம் ஓடியது. பிறகு வாடிக்கையாளரிடமிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. என் குழுவில் ஒப்பந்தத்தில் இருந்த இருவருக்கு அந்த ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் அது மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

காலையில் மைத்துனனின் மகளிடம் பாம்பும் ஏணியும் விளையாட்டுப் பெட்டியைக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெட்டியையும் சேர்த்துப் பகடைக் காய்கள் சில தேறின. நீங்களும் வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம்.

மூன்று பகடைகளை உருட்டுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். அதுதான் உங்கள் ‘குண்டு விழுந்த பரப்பு’. 2, 5, 3 விழுந்தால் பரப்பு 3. பல முறை உருட்டினால் சராசரி 2.9 வரும். ஆனால் ஆறில் ஒரு முறை பரப்பு 0 அல்லது 1 என்று விழும். ஐந்து பேர் ஆளுக்கொரு முறை உருட்டினால், யாராவது ஒருவருக்காவது அப்படி விழ 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் தம் பகடைதான் உயர்ந்த பகடை என்று பணப்பையில் வைத்துக்கொண்டால் சிரிப்போம் இல்லையா?

இப்போது பத்து பகடைகளை உருட்டுங்கள் (ஒரே பகடையைப் பத்து முறை உருட்டினாலும் சரி). சராசரிப் பரப்பு 4.6. பரப்பு 1-க்குள் அடங்க வேண்டுமானால் ஏறக்குறைய 12,000 முறை முயல வேண்டும். பகடை அதேதான். எண்ணிக்கை கூடியதும் அதிர்ஷ்டத்துக்கு ஒளிய இடமில்லாமல் போகிறது.

மைத்துனனின் மகள் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, “அப்போ அப்பாவோட பேப்பர் லக்கா?” என்று கேட்டாள். அவள் அப்பா காப்பிக் கோப்பையோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துப்பாக்கிக்கும் இதே கணக்கைப் போட்டவர் ஃபிராங்க் கிரப்ஸ். மேரிலாந்து மாநிலத்தில் ஆபர்தீனில் உள்ள அமெரிக்க ராணுவக் குண்டியல் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியலாளர். 1964-இல் துப்பாக்கிக்காரர்களுக்கும் ஏவுகணைப் பொறியாளர்களுக்கும் என்றே ஒரு சிறு நூல் எழுதினார். குண்டுகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், மூன்று குண்டில் சராசரி 1 அங்குலம் காட்டும் துப்பாக்கி, ஐந்து குண்டில் 1.27 காட்டும், பத்து குண்டில் 1.58 காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. ஓரத்துக்குப் போகக்கூடிய குண்டுக்கு நாம் வாய்ப்புக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்று குண்டுக் குழுக்கள் தமக்குள்ளேயே எவ்வளவு ஆடும் தெரியுமா? உண்மைச் சராசரி 1 அங்குலம் என்றால், ஒன்று அரை அங்குலமாகவும் அடுத்தது ஒன்றரை அங்குலமாகவும் வருவது சாதாரணம். அவனுடைய ஐந்து எண்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தும் ஒரே மருந்தளவாக இருந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் அளக்கும் முறையிலேயே இருக்கிறது. பத்து குண்டு சுட்டுவிட்டு ஓரத்தில் விழுந்த இரண்டை மட்டும் அளந்தால் மற்ற எட்டும் பேசவே இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எல்லா ஓட்டைகளுக்கும் நடு மையம் கண்டு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுக்கிறார்கள். அளப்பதற்கு நேரமாகும். ஆனால் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வாக்கு கிடைக்கிறது.

‘அந்த ஒன்று என் கை ஆட்டம், கணக்கில் சேராது’ என்று ஒதுக்குவதும் இங்கே பெரிய நோய். மைத்துனனின் குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒன்று அப்படி இருந்தது. விசையை இழுத்த நொடியிலேயே, இலக்கைப் பார்க்குமுன், ‘தவறிவிட்டது’ என்று சொல்லியிருந்தால் ஒதுக்கலாம். ஓட்டையைப் பார்த்தபின் சொன்னால் அது சமாதானம்.

இந்தப் பைத்தியம் புதிதல்ல. மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபர்டில் ஃபிராங்ளின் மேன் என்றொரு மருத்துவர் இருந்தார். கோழித் தீவனத்துக்காக எலும்பை அரியும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் பணம் பார்த்தார். அந்தப் பணத்தையும் வாழ்நாளின் பெரும்பகுதியையும் ஒரே கேள்வியில் கொட்டினார்: ஒரே குழல், ஒரே மருந்து, ஒரே குறி, ஆனாலும் குண்டு ஏன் வேறு வேறு இடத்தில் விழுகிறது? மனிதக் கையின் நடுக்கம் கலக்கக் கூடாதென்று குழலைத் தாங்க அசையாத காங்கிரீட் பீடம் கட்டி, அதற்கு ‘சுடும் ஜிப்ரால்டர்’ என்று பெயரும் வைத்தார். 1909-இல் தம் சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்ட சோதனை. மூக்கைச் சிதைத்தால் குண்டு கெட்டுப்போகும் என்றுதானே நமக்குத் தோன்றும்? மூக்கைச் சிதைத்த குண்டுகள் அதிகம் விலகவில்லை. அடிப்பகுதியைச் சிதைத்தவைதாம் தாறுமாறாகப் போயின. காரணம், குண்டு குழல் வாயை விட்டுப் பிரியும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து வாயு தள்ளுகிறது. அடி சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் முன்னதாகக் கசிந்து குண்டை ஓரமாக உதைத்துவிடுகிறது. குழலின் வாய் விளிம்பில் ஒரு சிறு வடு இருந்தாலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற மூக்கைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தியாக இருந்திருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேன் கண்டது நுணுக்கமான வித்தியாசம் அல்ல, பெரிய வித்தியாசம். பெரிய வித்தியாசத்தைப் பிடிக்கச் சில குண்டுகள் போதும். 0.3 கிரெயின் மருந்து செய்யும் வித்தியாசம், இருந்தால், மிகச் சிறியது. அதைப் பிடிக்கத்தான் பல பத்து குண்டுகள் வேண்டும். வலையின் கண்ணைவிட மீன் சிறியதாக இருந்தால் எத்தனை முறை வீசினாலும் வலையில் நிற்பது பாசிதான்.

நம்மூரிலும் இந்தச் சோதனைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. 2018-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ சிங்கப்பூருக்கு இரண்டு தங்கம் வாங்கித் தந்தார். அதில் ஒன்று, 50 மீட்டர் தூரத்தில் குப்புறப் படுத்துச் சுடும் போட்டி. இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவுதான். அங்கே பயன்படும் .22 தோட்டாவை வீட்டில் செய்ய வழியில்லை. அதில் தனிப் பிரைமர் கிடையாது, பொறி மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். ஒரு முறை சுட்டால் உறை தீர்ந்தது.

ஆகவே அந்த உலகத்தில் செய்வதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே ஆலை என்றாலும் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி தோட்டா மாறும், குழலுக்குக் குழல் ஒத்துப்போவதும் மாறும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஈலி நிறுவனத்திலும் ஜெர்மனியின் ஷோனபெக்கில் லப்புவா நிறுவனத்திலும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. வீரர் தம் துப்பாக்கியை எடுத்துப் போவார். அதைப் பிடிமானத்தில் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, மின்னணு இலக்கில் பார்ப்பார்கள். நன்றாக வந்த தொகுதிகளை மறுபடி சுடுவார்கள். பிறகு அந்த ஒரே தொகுதியில் ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். அந்தத் தொழிலில் மூன்று குண்டைக் காட்டி யாரையும் வாங்கவைக்க முடியாது.

சனிக்கிழமை மைத்துனனோடு சுடுதிடலுக்குப் போனேன். அதற்கு முந்தைய இரவு கொஞ்சம் வாக்குவாதம். “பத்து பத்தா சுட்டா என் தோள்பட்டை என்னாகுறது? குழலும் தேயும். மருந்து என்ன விலை தெரியுமா?” என்றான். நியாயமான கேள்விகள்தாம். மூன்று குண்டுப் பழக்கம் முட்டாள்தனத்தால் வந்ததல்ல, செலவால் வந்தது. வேட்டைக்குப் போகிறவன் முதல் ஒன்றிரண்டு குண்டுகளை மட்டும்தானே சுடுகிறான் என்ற வாதமும் உண்டு.

நான் அவன் குறிப்பேட்டை எடுத்து ஐந்து எண்களின் சராசரியைப் போட்டேன். 0.89. அதை 1.58-ஆல் பெருக்கி ஒரு தாளில் எழுதி மடித்து அவனிடம் கொடுத்தேன். “நாளைக்குச் சுட்ட பிறகு பிரிச்சுப் பாரு.”

பணப்பையில் இருந்த ‘வெற்றி’ அளவில் பத்து, தோற்ற 1.2 அங்குல அளவில் பத்து. ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கவில்லை. குழல் சூடேறும், வெயில் ஏறும், காற்று மாறும். இதன் தோட்டா ஒன்று, அதன் தோட்டா ஒன்று என்று மாற்றி மாற்றி, இரண்டு அட்டைகளில் சுட்டான். எது எதுவென்று அவனுக்குத் தெரியாமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஓட்டை ஓட்டையாகப் பார்த்துச் சோர்ந்துபோகக் கூடாதென்று தொலைநோக்கியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து மேசை முதியவர் ஒருவர் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, தம் வேலையை நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

வெற்றி அளவு, பத்து குண்டு: 1.35 அங்குலம். தோற்ற அளவு, பத்து குண்டு: 1.3 அங்குலம்.

மடித்த தாளைப் பிரித்தான். 1.4 என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முதியவர் மட்டும் அவன் முதுகில் தட்டி, வேட்டைத் துப்பாக்கிக்கு இது நல்ல எண் என்றார். உண்மைதான். மோசமான துப்பாக்கியல்ல, மோசமான தோட்டாவும் அல்ல. அரை அங்குலத் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

காரில் திரும்பும்போதுதான் அதைச் சொன்னான். போன நவம்பரில் 300 கெஜத்தில் ஒரு மானைச் சுட்டானாம். அரை அங்குலத் துப்பாக்கி 300 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் என்று மனக்கணக்கு. நெஞ்சுப் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், தவறவே தவறாது என்று நினைத்தான். பட்டது பின்வயிற்றில். இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

“மேசையில மூட்டை வெச்சு சுட்டாலே நாலு இன்ச்சுக்கு மேல போகுது, அத்தான். மரத்துல சாஞ்சு மூச்சு வாங்கிக்கிட்டு சுட்டா?”

நான் பதில் சொல்லவில்லை. அவன் கேட்டது என்னையும் அல்ல.

நாங்கள் ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரே அட்டையில் முப்பது ஓட்டைகள், அம்மை போட்டது போல. நடு மையத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் பென்சில் கோடு. மகள் வரைந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அடியில் அவன் எழுதியிருந்தான்: “ஒரே அளவுதான் இனிமே. வேட்டைக்கு 150 கெஜத்துக்கு மேல இல்ல. மீதி மருந்துக் காசுல பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கியாச்சு.”

பணப்பையில் இருந்த தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “இருக்கு” என்று மட்டும் பதில் வந்தது.